செல்லின் மேல் இருக்கும் சர்க்கரை: டெல்டா வாசகர் கேள்வி பதில்

செல்களின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைகளும் புரதங்களும் நோயில் என்ன வேலை செய்கின்றன என்று ஆராயும் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி) பணியைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்தவை. இந்த முறை முழுப் பக்கத்தையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வலங்கைமான்): எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிஎச்.டி. முடித்து ஜெர்மனிக்கு போஸ்ட்டாக் போயிருக்கிறாள். என்னம்மா ஆராய்ச்சி என்று கேட்டால் "செல் மேல இருக்கிற சர்க்கரை தாத்தா" என்கிறாள். சர்க்கரை ரத்தத்தில் இருக்கும், தெரியும். செல்லின் மேல் அதற்கு என்ன வேலை?

பதில்: ஐயா, நெல்லைக் கையில் அள்ளினால் முதலில் தோலில் படுவது உமியின் மேலிருக்கும் சுணைதான், உள்ளே இருக்கும் அரிசி அல்ல. செல்லும் அப்படித்தான். கிருமி, மருந்து, வெள்ளணு, பக்கத்துச் செல் என்று வெளியிலிருந்து எது வந்தாலும் அது முதலில் தொடுவது செல்லின் சவ்வுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைத்தான். இவற்றில் சில புரதத்தின் மேல் கோக்கப்பட்டிருக்கும், சில கொழுப்பின் மேல். நம் உடலில் இதற்குப் பயன்படும் சர்க்கரை வகைகள் ஏறத்தாழ பத்துதான்: குளுக்கோஸ், கேலக்டோஸ், மேனோஸ், ஃபியூகோஸ், சியாலிக் அமிலம் என்று போகும். ஆனால் எது எதோடு, எந்தப் பக்கமாக, எத்தனை கிளையாகச் சேர்கிறது என்பதில் ஏராளமான வடிவங்கள் பிறந்துவிடுகின்றன.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ரத்த வகை. 1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் மனித ரத்தத்தை வகை பிரித்துக் காட்டினார், 1930-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த வகைகளுக்குள் இருப்பது சிவப்பணுவின் மேலிருக்கும் சங்கிலியின் நுனிச் சர்க்கரைதான் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெளிவானது. நுனியில் என்-அசிட்டைல் கேலக்டோஸமைன் என்ற சர்க்கரை இருந்தால் ஏ, கேலக்டோஸ் இருந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டும் இல்லாமல் அடிச் சங்கிலி மட்டும் நின்றால் ஓ. ஏ சர்க்கரையைக் கோக்கும் நொதிக்கும் பி சர்க்கரையைக் கோக்கும் நொதிக்கும் இடையே வித்தியாசம் நான்கே நான்கு அமினோ அமிலம். அந்தச் சின்ன வித்தியாசத்துக்காகத்தான், மாற்று வகை ரத்தத்தை ஏற்றினால் ஆள் உயிருக்கே ஆபத்து வருகிறது.

இது ஏன் இவ்வளவு கடினமான ஆராய்ச்சி என்று கேட்டால், புரதம் எப்படி இருக்க வேண்டும் என்பதை மரபணு நேரடியாக எழுதி வைத்திருக்கிறது, சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி எழுதி வைத்த படி எதுவும் கிடையாது. செல்லுக்குள் இருக்கும் சுமார் 200 நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சர்க்கரையைக் கோத்தும் வெட்டியும் அதை உருவாக்குகின்றன. எந்த நொதி எவ்வளவு இருக்கிறது, செல்லுக்குச் சாப்பாடு எப்படி, காய்ச்சலா வீக்கமா என்பதைப் பொறுத்து அதே புரதத்தின் மேல் வேறு வேறு சங்கிலி வந்து நிற்கும். அதனால் மரபணு வரிசையை முழுவதும் படித்துவிட்டாலும் செல்லின் மேல் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, செல்லையே எடுத்து, சங்கிலியைத் தனியே வெட்டி, மூலக்கூறின் எடையை அளக்கும் நிறை நிறமாலைமானி என்ற கருவியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் தெருப் பெண் அநேகமாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார். பிஎச்.டி.யில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அதை ஆராயப் பழகியிருப்பார். போஸ்ட்டாக் என்பது அதற்குப் பிறகு இன்னொரு ஆய்வகத்தில் சில வருடம் இருந்து, புதிய கருவியும் புதிய நோயும் கற்றுக்கொண்டு, தனக்கென்று ஒரு கேள்வியை உருவாக்கும் காலம். சம்பளம் உண்டு. நிரந்தர வேலை இல்லை. அடுத்த முறை ஊருக்கு வந்தால் தாத்தாவே உட்கார வைத்து, எந்த நோய், எந்தச் சர்க்கரை என்று கேளுங்கள், சொல்ல ஆள் கிடைத்தால் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நோய்க்கு என்ன சம்பந்தம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். காலரா கிருமி வெளியிடும் நச்சுப் புரதம் குடல் செல்லின் மேலிருக்கும் ஜி.எம்.1 என்ற சர்க்கரை கோத்த கொழுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. காயம் பட்ட இடத்துக்கு வெள்ளணு போய்ச் சேர்வதும், ரத்தக்குழாய் சுவரில் அதன் சர்க்கரை ஒட்டி ஒட்டி உருண்டு வேகம் குறைவதால்தான். ஃபியூகோஸைச் சரியாகக் கோக்க முடியாத அபூர்வமான பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு வெள்ளணு எண்ணிக்கை அதிகமாகவே இருக்கும், ஆனாலும் தொற்று மாற்றி தொற்று வந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அந்த அணுக்கள் ரத்தக்குழாயை விட்டு வெளியே இறங்க வழியில்லை.

கேள்வி (விவசாயி, திருத்துறைப்பூண்டி): எனக்குப் பத்து வருடமாகச் சுகர். இனிப்பை நிறுத்தினால் செல் மேல் இருக்கும் சர்க்கரையும் குறைந்து பலவீனம் வருமா?

பதில்: வராது ஐயா. அந்தச் சங்கிலிகளுக்கு வேண்டிய சர்க்கரைகளைச் செல் தானே தயாரித்துக்கொள்ளும், நீங்கள் சாப்பிடும் ஒரு கை சோற்றிலிருந்துகூட. லட்டு தேவையில்லை.

ஆனால் உங்கள் சீட்டில் எச்.பி.ஏ.1.சி. என்று ஒரு சோதனை இருக்குமே, அது வேறு சங்கதி. அங்கே ரத்தத்தில் மிகுந்த குளுக்கோஸ், நொதி எதுவும் கோக்காமல் தானாகவே ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால் கடந்த இரண்டு மூன்று மாதம் உங்கள் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை அது காட்டிவிடும், சோதனைக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது. இன்னொன்றும் உண்டு. ரத்தக்குழாயின் உட்சுவர் முழுவதும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன மெல்லிய படலம் இருக்கிறது, சிறுநீரகத்தின் வடிகட்டியிலும் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து ஏறியே இருந்தால் இந்தப் படலம் மெலிந்துபோகிறது. சிறுநீரில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் கசிய ஆரம்பிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் வருடம் ஒரு முறையாவது சிறுநீரில் அல்புமின் சோதனை கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை வருகிறது என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. ஆனால் மாத்திரை வீடு தேடி வருகிறதே என்று சோதனைக்குப் போவதை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி (வடுவூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி): அறுவடை முடிந்ததும் எங்கள் வயலில் வாத்துக் கூட்டத்தை மேய விடுவார்கள். பக்கத்திலேயே பறவைகள் சரணாலய ஏரி. கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. வாத்தின் நோய் நமக்கு ஒட்டுமா?

பதில்: பயப்பட வேண்டிய அளவுக்குப் பயப்படலாம் அம்மா, அதற்கு மேல் வேண்டாம். எது அந்த அளவு என்பதற்குச் சர்க்கரைதான் பதில் சொல்கிறது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இன்ஃப்ளூயன்சா வைரஸ் செல்லுக்குள் நுழைய, செல் மேலுள்ள சங்கிலியின் நுனியில் இருக்கும் சியாலிக் அமிலத்தைப் பிடிக்க வேண்டும். வைரஸின் மேலிருக்கும் ஹீமகுளூட்டினின் என்ற புரதம் அந்தப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது, பறவைக் காய்ச்சல் வைரஸுக்கு எச்5என்1 என்கிற பெயரில் உள்ள எச் அதுதான். சியாலிக் அமிலம் தனக்கு அடுத்த சர்க்கரையோடு இரண்டு விதமாக இணையலாம்: மூன்றாவது கார்பனில், அல்லது ஆறாவது கார்பனில். வாத்தின் குடலில் பெரும்பாலும் மூன்றாம் இணைப்பு. நம் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயின் மேல்பகுதியிலும் பெரும்பாலும் ஆறாம் இணைப்பு. பறவை வைரஸ் மூன்றாம் இணைப்பைத் தேடிப் பழகியது, ஆகவே நம் தொண்டையில் அதற்குச் சரியான பிடி கிடைப்பதில்லை. மனிதரிலிருந்து மனிதருக்கு அது சுலபமாகத் தாவாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆனால் நம் நுரையீரலின் அடியாழத்திலும் கண்ணின் மேல்படலத்திலும் மூன்றாம் இணைப்பு இருக்கிறது. நோய்ப்பட்ட வாத்தை வெறுங்கையால் பிடித்து, அறுத்து, இறகு பிடுங்கி, நெருக்கத்தில் நிறைய வைரஸை மூச்சோடு இழுத்தவருக்கு அது அங்கே போய் இறங்கிவிட்டால் கடுமையான நிமோனியா வரும். 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 முதன்முதலாக மனிதருக்கு வந்தபோது 18 பேருக்குத் தொற்று, அதில் 6 பேர் இறந்தார்கள். எண்ணிக்கை சிறியது, விகிதம்தான் பயங்கரம். 1957-லும் 1968-லும் உலகம் முழுக்கப் பரவிய ஃப்ளூவில், பறவையிடமிருந்து வந்த எச் புரதம் சில இடங்களில் மாறி, ஆறாம் இணைப்பைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. விஞ்ஞானிகள் ஒவ்வொரு பறவைக் காய்ச்சலின்போதும் வைரஸை எடுத்து, எந்தச் சர்க்கரையைப் பிடிக்கிறது என்று சோதித்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். பெயரில் வரும் என் என்பது நியூரமினிடேஸ், வேலை முடிந்த புது வைரஸ் செல்லை விட்டுக் கிளம்ப அதே சியாலிக் அமிலத்தை வெட்டிவிடும் நொதி. அதைத் தடுக்கும் மருந்துதான் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஓசெல்டாமிவிர். சர்க்கரையின் வடிவத்தைப் படித்து, அதைப் போலவே செய்த மருந்து. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சாதனைகளில் அது ஒன்று.

வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை என்று நம் பக்கத்து நீர்நிலைகளுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வருவது பெருமைதான், அவற்றின் எச்சத்தோடு வைரஸும் தண்ணீரில் இறங்கலாம் என்பதும் உண்மைதான். கேரளாவின் ஆலப்புழைப் பக்கம் 2014-இல் வாத்துகளிடம் எச்5என்1 வந்தது. ஆக, நீங்கள் செய்ய வேண்டியது: கூட்டத்தில் திடீரென்று சில வாத்துகள் சேர்ந்தாற்போலச் செத்தாலோ கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றினாலோ கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், செத்ததை வாய்க்காலில் போடவே கூடாது, அந்தத் தண்ணீர் அடுத்த ஊருக்கும் போகிறது. கூட்டத்தை அடுத்த ஊருக்கு ஓட்டிப்போகவும் விடாதீர்கள். வாத்து மேய்க்க வருபவர்கள் நாள்கூலிக்கு வருகிறவர்கள், சொன்னால் பிழைப்பு போய்விடுமே என்று மறைக்கத்தான் பார்ப்பார்கள், அவர்களோடு முன்கூட்டியே நல்லபடியாகப் பேசி வைப்பது ஊர்க்காரர்கள் பொறுப்பு. நன்றாக வேகவைத்த கறியும் முட்டையும் சாப்பிடலாம். அரைவேக்காடு வேண்டாம்.

கேள்வி (கும்பகோணம், பெயர் வேண்டாம் என்கிறார்): என் கணவருக்கு வயிற்றுவலி. ஒரு பரிசோதனைக் கூடத்தில் "கேன்சர் பேக்கேஜ்" என்று ஒன்று எடுத்தார்கள். சி.ஏ. 19-9 என்பது 60 என்று வந்திருக்கிறது, 37-க்குள் இருக்க வேண்டுமாம். கணையப் புற்றுநோய் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பதில்: அம்மா, முதலில் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு ஒரு இரைப்பை குடல் மருத்துவரிடம் அவரை அழைத்துப் போங்கள். அந்த எண் மட்டும் எதையும் தீர்மானிக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

சி.ஏ. 19-9 என்பது சியாலைல் லூயிஸ் ஏ என்ற ஒரு சர்க்கரை வடிவம். கணையப் புற்றுச் செல்கள் அதை மிகுதியாகத் தயாரித்து ரத்தத்தில் விடும், உண்மைதான். ஆனால் பித்தநாளத்தின் சாதாரணச் செல்களும் அதைத் தயாரிக்கும். பித்தப்பைக் கல், பித்தநாள அடைப்பு, மஞ்சள் காமாலை, கணைய அழற்சி எதுவாக இருந்தாலும் அது ஏறலாம், அடைப்பு இருந்தால் நூற்றுக்கணக்கில்கூட ஏறும், அடைப்பை எடுத்தால் இறங்கும். இதற்கு நேர்மாறாக, சிலருக்குப் பிறவியிலேயே லூயிஸ் சர்க்கரையைக் கோக்கும் நொதி கிடையாது. அவர்களுக்குக் கணையப் புற்று முற்றியிருந்தாலும் இந்தச் சோதனையில் எண் ஏறாமலே இருக்கலாம். அதனால்தான் அறிகுறி இல்லாதவர்களிடம் புற்று இருக்கிறதா என்று தேட இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். புற்று உறுதியானவருக்கு, சிகிச்சை வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்க்கத்தான் இது உதவும். இப்படிப்பட்ட சோதனைகளைப் பொட்டலமாகக் கட்டி விற்பது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம், ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் தூக்கத்துக்கு யார் பொறுப்பு. வலி ஏன் என்று பார்க்க ஸ்கேன் தேவைப்படலாம். மருத்துவர் சொல்வார். தள்ளிப்போட வேண்டாம், அவ்வளவுதான்.

புற்றுச் செல் ஏன் தன் சர்க்கரையை மாற்றுகிறது என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள், அந்த நிலையிலும் கேட்டிருக்கிறீர்களே என்று நெகிழ்ந்துபோனேன். பல புற்றுச் செல்கள் தங்கள் மேல் சியாலிக் அமிலத்தை மிகுதியாக ஏற்றிக்கொள்கின்றன. நம் நோயெதிர்ப்பு அணுக்களின் மேல் சிக்லெக் என்ற புரதங்கள் உண்டு, அவை சியாலிக் அமிலத்தைத் தொட்டதும் "இது நம்ம ஆள்" என்று தாக்குதலைத் தணித்துவிடும். புற்று இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. சியாலிக் அமிலத்தையும் சிக்லெக் புரதங்களையும் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு அஜித் வர்க்கியிடமிருந்து வந்தது. வேலூர் சி.எம்.சி.யில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு அமெரிக்கா போய் சான் டியாகோவில் ஆய்வகம் நடத்தியவர் அவர். மாடு ஆடு குரங்கு எல்லாம் தயாரிக்கும் ஒரு வகை சியாலிக் அமிலத்தை மனித இனம் ஒரு மரபணு கெட்டுப்போனதால் இழந்துவிட்டது என்று கண்டவர்களில் அவரும் ஒருவர். உயிருள்ள செல்லின் மேலேயே சர்க்கரையை அடையாளமிட்டுப் பார்க்கும் வேதியியலுக்காக 2022-இல் கரோலின் பெர்டோஸிக்கு நோபல் கிடைத்தது, மோர்டென் மெல்டாலும் பேரி ஷார்ப்லெஸும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். புற்றின் மேலிருக்கும் சியாலிக் அமிலத்தை வெட்டியெறியும் மருந்துக்கான வேலையும் பெர்டோஸியின் ஆய்வகத்திலிருந்து வந்ததுதான். இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது, இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கும் மருந்து அல்ல.

கேள்வி (இல்லத்தரசி, பட்டுக்கோட்டை): உறவுக்காரர் ஒருவர் "செல்லுக்குத் தேவையான எட்டு சர்க்கரை" என்று ஒரு பவுடர் விற்கிறார். டப்பா பல ஆயிரம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முன்பே சொன்னதுபோல் உடலே குளுக்கோஸிலிருந்து மற்றதைச் செய்துகொள்கிறது. மேனோஸை மருந்தாகக் கொடுக்கும் மிக அபூர்வமான ஒரு பிறவி நோய் உண்டு, அதை மருத்துவர்தான் கண்டுபிடித்துக் கொடுப்பார். உறவு கெடாமல் எப்படி மறுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். "டாக்டர் வேண்டாம்னுட்டாங்க மாமா" என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி (எம்.எஸ்சி. உயிர்வேதியியல் மாணவர், மயிலாடுதுறை): அக்கா, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். அப்பா சம்பா சாகுபடி. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பெரிய கருவி எதுவும் இல்லை. இந்தத் துறையில் போஸ்ட்டாக் வரை போக முடியுமா?

பதில்: முடியும் தம்பி. முதல் படி உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது, கொள்ளு.

சர்க்கரைகளைத் தேர்ந்து பிடிக்கும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர், பயறு வகைகளில் நிறைய உண்டு. கொள்ளிலிருந்து எடுக்கும் லெக்டின் என்-அசிட்டைல் கேலக்டோஸமைனைப் பிடிக்கும், அதாவது ஏ வகை ரத்தத்தின் நுனிச் சர்க்கரையை. ரத்த வங்கிகளில் ஏ வகையின் உட்பிரிவுகளான ஏ1-ஐயும் ஏ2-ஐயும் பிரித்தறிய அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பலாக்கொட்டை லெக்டினும் வேர்க்கடலை லெக்டினும் பல புற்றுகளில் வெளியே தெரியும் டி ஆன்டிஜென் என்ற சர்க்கரையைப் பிடிக்கும். இந்த இரண்டின் முப்பரிமாண வடிவத்தையும் 1990களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயனின் குழு கண்டது. இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, ஊறவைத்த கொள்ளை அரைத்து, உப்புக் கரைசலில் வடித்து, மையவிலக்கியில் சுற்றித் தெளிந்த நீரை எடுத்து, கழுவிய சிவப்பணுக்களோடு கண்ணாடித் தகட்டில் கலப்பது. ஏ வகை அணுக்கள் திரிந்து கட்டியாகின்றனவா, ஓ வகை அப்படியே இருக்கிறதா, என்-அசிட்டைல் கேலக்டோஸமைனைச் சேர்த்தால் திரிவது நிற்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் மேற்பார்வை, கையுறை, ரத்தம் எடுக்க முறையான அனுமதி, இவை இல்லாமல் தொடங்கக் கூடாது. இந்தச் சோதனையை ஒழுங்காக, கட்டுப்பாட்டுச் சோதனைகளோடு செய்து நோட்டில் எழுதிய மாணவரை நேர்முகத்தில் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும், எங்கோ பெரிய கருவியின் பெயரை மனப்பாடம் செய்து சொல்பவரைவிட.

பிறகு நெட் தேர்வு. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் அமலான விகிதப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். பிஎச்.டி. செய்யும் இடத்தைக் கருவியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், வழிகாட்டி மாணவரை எப்படி நடத்துகிறார் என்று அங்கே படிப்பவர்களிடம் தனியே கேளுங்கள், அதுதான் ஐந்து வருடத்தைத் தீர்மானிக்கும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், தஞ்சாவூர் சாஸ்த்ரா என்று பக்கத்திலேயே தொடங்கியும் போகலாம், வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்று இல்லை. போஸ்ட்டாக்குக்கு இந்தியாவில் தேசிய போஸ்ட் டாக்டோரல் ஃபெல்லோஷிப் இருக்கிறது, வயது வரம்பு 35, பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. ஐரோப்பாவுக்கு மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா-க்யூரி ஃபெல்லோஷிப்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். படிக்கவும் எழுதவும் தினமும் ஒரு ஆய்வுக்கட்டுரையின் முதல் பக்கத்தை வைத்துப் பழகுங்கள், பேச்சு ஆய்வகத்தில் தானாக வந்துவிடும். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் புகழ்ச்சி வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள், கொள்ளுச் சோதனையின் படத்தையும் இணையுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் அடுத்தவர்.

கேள்வி (நாகப்பட்டினம்): கல்லூரி ரத்ததான முகாமில் என் மகனுக்கு ஓ என்றார்கள். பிறகு ரத்த வங்கியில் கூப்பிட்டு, ஓ ரத்தம் எதோடும் பொருந்தவில்லை, பாம்பே குரூப்பாக இருக்கலாம் என்கிறார்கள். இது நோயா?

பதில்: நோய் இல்லை அம்மா, பையன் முழு ஆரோக்கியமாக இருப்பான். ஏ, பி இரண்டும் உட்கார வேண்டிய எச் என்ற அடிச் சங்கிலியே அவனுக்கு இல்லை, அதனால் சாதாரணச் சோதனையில் ஓ போலத் தெரிகிறது. 1952-இல் மும்பையில் முதலில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பார்கள். ஆபத்து ரத்தம் ஏற்ற வேண்டி வரும்போதுதான், ஓ ரத்தத்தை ஏற்றினால்கூட அவன் உடல் அதைத் தாக்கும், இன்னொரு பாம்பே குரூப்காரரின் ரத்தம்தான் ஏற்கும். எச் எதிர்ப்புச் சோதனை செய்து உறுதிப்படுத்தி எழுத்தில் வாங்குங்கள், அட்டையாக்கி அவன் பர்ஸில் வையுங்கள், ரத்த வங்கியின் அபூர்வ வகைப் பட்டியலில் பதியச் சொல்லுங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சை எதுவும் வந்தால் அவன் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துச் சேமிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், அவனுடைய கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்கும் இந்த வாரமே சோதனை செய்துவிடுங்கள், ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.